பழைய மியாட்டாவுக்கு எந்தக் கூரை? துணியா, ஹார்ட்டாப்பா, ஃபைபரா?

அக்டோபர் பிறந்துவிட்டால் இங்கிலாந்திலும் வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் மியாட்டா என்றும் அழைக்கப்படும் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும்: இந்தக் குளிர்காலத்துக்காவது ஒரு ஹார்ட்டாப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டியான கூரை, வாங்கிவிடலாமா? பதில் சொல்ல வருபவர்கள் எடை, விலை, அழகு, இரைச்சல் என்று ஆளுக்கொரு பட்டியலை நீட்டுவார்கள். அவையெல்லாம் அப்புறம். முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கூரையை ஆண்டுக்கு எத்தனை முறை கழற்றி மாட்டப் போகிறீர்கள்? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், துணிக்கூரை, மாஸ்டாவின் அசல் ஹார்ட்டாப், ஃபைபர்கிளாஸ் கூரை, மோட்டாரால் மடங்கும் மின்கூரை வைத்த வேறு கார் என்ற நான்கு வழிகளில் மூன்று தாமாகவே விலகிவிடும்.

நான் பேசுவது முதல் இரண்டு தலைமுறைக் கார்களைப் பற்றி. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மியாட்டா என்ற பெயரில் அறிமுகமாகி 1997 வரை வந்தது முதல் தலைமுறை. தலைவிளக்குகள் மேலெழும்பி விழிக்குமே, அதுதான். 1998 முதல் 2005 வரை வந்தது இரண்டாவது. இரண்டுக்கும் ஹார்ட்டாப் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது வாங்குபவர்களுக்குப் பெரிய நிம்மதி. மூன்றாம் தலைமுறையின் ஹார்ட்டாப் இவற்றில் உட்காராது. விளம்பரத்தில் ‘எம்எக்ஸ்-5 ஹார்ட்டாப்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ஆண்டுக் காரிலிருந்து கழற்றியது என்று கேட்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

துணிக்கூரையையே புதுப்பித்தால்?

ஹார்ட்டாப் ஆசை பல நேரம் கிழிந்த துணிக்கூரையிலிருந்துதான் பிறக்கிறது. அப்படியானால் முதலில் இதைத்தான் எடைபோட வேண்டும். மியாட்டாவின் துணிக்கூரையை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே, இரண்டு தாழ்களைத் திறந்து, ஒரு கையால் பின்னே தள்ளிவிடலாம். அந்தக் காரின் கவர்ச்சியில் பாதி அதில் இருக்கிறது. சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் திறந்து மூடக்கூடிய கூரையை வேறு எந்த ஏற்பாடும் உங்களுக்குத் தராது.

முதல் தலைமுறையின் குறை பின்ஜன்னல். அது பிளாஸ்டிக். கூரையை மடக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்த வேண்டும். குளிரில் விறைத்திருக்கும்போது மடக்கினால் விரிசல் விடும். இரண்டாம் தலைமுறையில் சூடேற்றும் கம்பிகளோடு கண்ணாடி ஜன்னல் வந்தது. ஜிப் வேலையும் ஒழிந்தது. பழைய காருக்கும் கண்ணாடி ஜன்னல் வைத்த துணிக்கூரை இப்போது கிடைக்கிறது. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. 2017இல் மாஸ்டா ஜப்பானில் முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களை (அங்கே இதே காரின் பெயர்) பழுதுநீக்கிப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, மறுபடி உற்பத்தி செய்த பாகங்களில் துணிக்கூரையும் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை, எந்தக் கூரையைத் தேர்ந்தாலும் செல்லும். துணிக்கூரையின் பின்விளிம்பில் மழைநீரைச் சேகரிக்கும் ஒரு வாய்க்கால் பட்டை ஓடுகிறது. அதில் விழும் நீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியே காருக்கு அடியில் போய்விழும். இலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே பெருகி, தரைவிரிப்பை நனைத்து, கதவுக்கு அடியில் உள்ள பெட்டிச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கூரை ஒழுகுகிறது என்று பழிபோட்டு ஹார்ட்டாப் வாங்கியவர்களில் சிலருக்கு உண்மையான வியாதி இந்த அடைப்புதான். வளையும் மென்மையான கம்பியோ பிளாஸ்டிக் குழாயோ கொண்டு அதைச் சுத்தம் செய்ய ஒரு பைசா செலவில்லை. கூர்மையான இரும்புக் கம்பி வேண்டாம். குழாய் கிழிந்தால் செலவு வேறு கதையாகிவிடும்.

அசல் ஹார்ட்டாப்

அமெரிக்காவில் 1990 மாடலின் அடிப்படை விலை 13,800 டாலர். ஹார்ட்டாப்புக்குக் கூடுதலாக 1,100 டாலர். காரின் விலை தேய்ந்துபோன பிறகும் அந்தக் கூரையின் விலை தேயவில்லை. நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு இன்று அன்றைய புதுவிலையைவிடக் கூடுதலாகவே கேட்கிறார்கள். சுமாரான மியாட்டாவை விற்பவர் கூரையைத் தனியாக எடுத்துவைத்து விற்பதற்கும் இதுவே காரணம்.

கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை அச்சில் வைத்து அழுத்தி வார்த்த கூரை அது. அதனால் தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கும். பின்னால் உண்மையான கண்ணாடி. பிந்தையவற்றில் சூடேற்றும் கம்பியும் உண்டு. அந்தக் கம்பிக்கு மின்னிணைப்பு உங்கள் காரில் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒருவரே தூக்கிவிடலாம் என்று தோன்றும், முயலாதீர்கள். எடை பிரச்சினையே இல்லை, அகலம்தான் பிரச்சினை. நடுவில் பிடித்துத் தூக்கும் ஒருவரால் இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. கீறல் விழுவது பார்க்காத பக்கத்தில்தான்.

பிடிமானங்கள் மூன்று ஜோடி. முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு தாழ்கள்; கதவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு; பின்விளிம்பில் இரண்டு. முன்தாழ்கள் துணிக்கூரையின் கொக்கி விழும் அதே இடங்களில் விழும். பக்கத் தாழ்கள் பிடிக்கும் இரும்புத் தகடுகள் எல்லாக் கார்களிலும் இருப்பதில்லை. விற்பவர் தன் காரிலேயே அவற்றை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் கொடுத்திருப்பார்; வீட்டுக்கு வந்து மாட்டும்போதுதான் தெரியும். பின்பிடிமானமும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இல்லை. ஆகவே காரில் உள்ளதையும் கூரையில் உள்ளதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்பே பணத்தை எடுங்கள். பக்கத் தாழ்கள் இல்லாமலும் கூரை நிற்கும். ஆனால் நெடுஞ்சாலையில் காற்று அதைத் தூக்கப் பார்க்கும், மேடுபள்ளத்தில் கடகடக்கும். நான்கு பிடிமானம் போதும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கண்ணாடிக்குக் கூரையா, கூரைக்குக் கண்ணாடியா

பொருத்துவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எந்தக் கூரை என்ற முடிவே கடைசியில் இங்கேதான் நிர்ணயமாகிறது.

மியாட்டாவின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கண்ணாடியின் மேல்விளிம்பு நேராகக் கூரையின் ரப்பர் சீலில் போய் அழுந்த வேண்டும். கூரை சில மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு கதவு மூட மறுக்கும். மறுகதவில் காற்று விசிலடிக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். கண்ணாடி இருக்கும் இடத்துக்குத் தக்கபடி கூரையை நகர்த்தலாம். அல்லது கூரை இருக்கும் இடத்துக்குத் தக்கபடி கதவுக்குள் இருக்கும் திருகுகளைத் தளர்த்திக் கண்ணாடியின் உயரத்தையும் சாய்வையும் மாற்றலாம். இரண்டாவது வழி சுலபம்போலத் தெரியும். ஆனால் ஏப்ரலில் ஹார்ட்டாப்பைக் கழற்றித் துணிக்கூரையை மூடினால், கண்ணாடி இப்போது துணிக்கூரையோடு சண்டைபோடும். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுபவர் கண்ணாடியைத் தொடக்கூடாது. கூரைதான் அசைந்துகொடுக்க வேண்டும். ஒருமுறை மாட்டி அப்படியே விட்டுவிடுபவர் மட்டும் கண்ணாடியைக் கூரைக்கு ஏற்பத் திருப்பலாம்.

வேலையைத் தொடங்கும் முன் காரைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் பதிந்திருக்க, காற்றழுத்தம் சரிபார்த்து நிறுத்துங்கள். கூரையில்லாத காரின் உடல் முறுக்கிக்கொள்ளக்கூடியது. ஜாக்கியில் ஒரு மூலையைத் தூக்கினாலே கதவு இடைவெளி மாறும். அந்த நிலையில் அளந்து பொருத்திய கூரை, இறக்கியவுடன் பொய்யாகிவிடும். கதவு கீலில் தொங்கியிருந்தால் அதை முதலில் நிமிர்த்த வேண்டும். துணிக்கூரையில் கண்ணாடி சரியாகப் படிந்திருந்ததா என்று முன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே கோணலாக இருந்திருந்தால் ஹார்ட்டாப்பைக் குறைசொல்வதில் பொருளில்லை.

துணிக்கூரையை மடக்கி, டிக்கி மூடிமேலும் பின்தளத்திலும் தடித்த போர்வை விரித்து, இரண்டு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டு, இருபுறமும் ஆளுக்கொருவராக நின்று கூரையை நேர்மேலிருந்து இறக்க வேண்டும். வைத்தபின் இழுத்து நகர்த்தாதீர்கள். பின்சீல் மடிந்துகொள்ளும், பெயின்ட்டும் கீறும். ஆறு பிடிமானங்களும் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும்படி முதலில் எல்லாவற்றையும் தொடுத்துவிடுங்கள். ஒன்றையும் முழுதாக இறுக்காதீர்கள். முன்தாழ் இரண்டையும் உடனே அழுத்தி மூடிவிட்டு, பின்னால் நேராகவில்லையே என்று தவிப்பது வழக்கமாக நடக்கும் வேடிக்கை.

இப்போது எட்டி நின்று பாருங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகளிலும் இடைவெளி சமமா? பின்விளிம்பு தளத்தோடு இணையாக ஓடுகிறதா? உள்ளங்கையால் தட்டிக் கூரையை நடுவுக்குக் கொண்டுவந்த பின், முன்பக்கத்தைப் பாதி, பின்பக்கத்தைப் பாதி, பிறகு பக்கங்கள் என்று சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். பக்கத் தகடுகளின் திருகைத் தளர்த்தினால் அவற்றைச் சிறிது நகர்த்தலாம். தாழ் விழும்போது கூரையைக் கோணலாக இழுத்தால் குற்றம் தகட்டின் இடத்தில்தான். முன்தாழ்க் கொக்கியைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்தால்தான் மூடும் என்றால் அது அதிக இறுக்கம். சீல் விரைவில் நசுங்கி உயிரிழந்துவிடும்.

கண்ணாடியை முதல்முறை ஏற்றும்போது கதவை மூடிவைத்து, பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, மெல்ல ஏற்றுங்கள். கண்ணாடியை உயர்த்தி வைத்துக் கதவை அறைந்து மூடினால், சீலின் விளிம்பில் கண்ணாடி மோதி ரப்பரைப் பிய்க்கும். அடுத்தது தாள் சோதனை. ஒரு நீளமான தாள் துண்டைக் கண்ணாடிக்கும் சீலுக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் எங்கும் ஒரே மாதிரியான தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் நீர் வரும்; அசையாமல் நிற்கும் இடத்தில் கதவு தகராறு செய்யும்.

நீர்ச் சோதனைக்கு அழுத்தக் குழாய் வேண்டாம், சாதாரணத் தோட்டக் குழாய் போதும். கீழிருந்து மேலாகப் போங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலும் நனைந்து, எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். காற்று விசிலுக்கும் ஒரு தந்திரம் உண்டு: சந்தேகமான விளிம்புகளில் பெயின்ட்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி ஓட்டிப்பாருங்கள். சத்தம் நின்றால் டேப்பை ஒவ்வொரு துண்டாக உரித்துக்கொண்டே வாருங்கள். எதை உரித்ததும் விசில் திரும்புகிறதோ அங்கேதான் இடைவெளி. கிறீச்சிடும் சத்தம் பெரும்பாலும் உலர்ந்த ரப்பர் உரசுவது. சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் அடங்கும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், தொடாதீர்கள்.

இவ்வளவும் முதல்முறைதான். பிடிமானங்களின் இடம் ஒருமுறை அமைந்துவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் தூக்கிவைத்துத் தாழ்களை மூடுவது சில நிமிட வேலை. அசல் ஹார்ட்டாப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்தத் திரும்பத் திரும்ப வரும் எளிமைக்குத்தான்.

ஃபைபர்கிளாஸ் கூரை

விலை குறைவு, எடையும் குறைவு, வடிவத்திலும் தேர்வு உண்டு. பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் கூரை வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். ஆனால் கையால் அடுக்கி வார்ப்பதால் ஒரு கூரை போல் இன்னொன்று இருக்காது. ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் வரலாம். பின்ஜன்னல் பெரும்பாலும் பாலிகார்பனேட். துணியால் உலர்வாகத் துடைத்தாலே கீறும். சூடேற்றும் கம்பி கிடையாது. ஈரமான நவம்பர் காலையில் பின்னால் ஒன்றும் தெரியாது என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். தாழ், சீல், உள்ளுறை எல்லாம் தனிச்செலவு. மலிவு என்று தொடங்கியது அசல் கூரையின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெயின்ட் அடிக்கும் முன் வெறும் ஓடாகவே மாட்டிப் பாருங்கள். தொடாத இடத்தில் இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு, இடிக்கும் இடத்தில் உப்புத்தாள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. போல்ட் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகலமான வாஷரும் பின்தகடும் வைத்தால் நகர்த்த இடமிருக்கும். இடைவெளி தெரிகிறதே என்று போல்ட்டை இறுக்கிக் கூரையை வளைக்க முயல்வது பெருந்தவறு. அன்று மூடிக்கொள்ளும், சில மாதங்களில் துளையைச் சுற்றிச் சிலந்திவலைபோல் வெடிப்பு ஓடும். மோசமான சாலையில் சில நாள் ஓட்டி, எங்கும் உரசவில்லை என்று உறுதியானபின் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இந்தக் கூரைக்கு ஏற்ற வாழ்க்கை போல்ட் போட்டு நிலையாக விட்டுவிடுவதுதான். பந்தயத் தடத்தில் ஓடும் மியாட்டாக்களில் தாழ்களை அகற்றி போல்ட் மாட்டுவது சாதாரணம். அப்படி நிலைத்துவிட்டால் கதவுக் கண்ணாடியைத் தயங்காமல் கூரைக்கு ஏற்பத் திருப்பலாம். அசல் கூரையில் வராத நெருக்கம்கூட வரலாம். ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன்: அசலோ ஃபைபரோ, எந்த ஹார்ட்டாப்பும் கார் உருண்டால் தலையைக் காக்கும் அமைப்பு ஆகாது. தடத்துக்குப் போகிறவருக்கு ரோல்பார், அதாவது இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய்ச் சட்டம், தனியாக வேண்டும். அந்த ரோல்பார் ஹார்ட்டாப்புக்கு அடியில் அடங்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

துணிக்கூரையை அகற்றிவிடலாமா?

நிலையாக மாட்டுபவர்கள் உடனே கேட்பது இது. எடை குறையும், இருக்கைக்குப் பின்னால் இடம் கிடைக்கும். அகற்றினாலும் மழை வாய்க்காலை மட்டும் விட்டுவையுங்கள். மாறிமாறிப் பயன்படுத்துபவர் தொடவே வேண்டாம். மெர்சிடீஸ் 1963இல் ஜெனீவாவில் அறிமுகப்படுத்திய ‘பகோடா’ எஸ்எல் வரிசையில் பிற்பாடு ஒரு வகை வந்தது. ஹார்ட்டாப் உண்டு, துணிக்கூரையே கிடையாது. ஹார்ட்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால் மழைக்கு ஒதுங்க வழியில்லை. அதைக் ‘கலிஃபோர்னியா கூப்பே’ என்று அழைத்தது பொருத்தம்தான். மழைக்குப் பேர்போன மான்செஸ்டரில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது.

ஹார்ட்டாப்புக்கு அடியில் துணிக்கூரை மாதக்கணக்கில் மடங்கிக் கிடக்கும். ஈரமாக மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னலின் மடிப்புகளுக்கு இடையே மென்மையான துணி வையுங்கள்.

மின்கூரைக் காருக்கே மாறினால்?

வாரத்துக்கு நான்கு முறை திறந்து மூட வேண்டும், ஆனால் கெட்டியான கூரையும் வேண்டும் என்றால், பழைய காரில் அதற்கு விடை இல்லை. 2006 ஜூலையில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா காட்டிய மூன்றாம் தலைமுறையின் மின்கூரை 12 விநாடிகளில் மடங்கும். துணிக்கூரைக் காரைவிட எடை 37 கிலோதான் கூடுதல். டிக்கியின் இடத்தையும் அது தின்னவில்லை. 2016இல் வந்த நான்காம் தலைமுறையின் ஆர்எஃப் மாடலில் பின்தூண்கள் நின்றபடியே இருக்கும். முழுத் திறப்பை விரும்புபவருக்கு அது பிடிக்காது. இரண்டிலும் நீங்கள் எதையும் பொருத்த வேண்டியதில்லை. பழுதானால் கராஜில் நீங்களே சரிசெய்யவும் முடியாது.

வாங்குவதற்கு முன்

அசல் ஹார்ட்டாப் என்று முடிவெடுத்தவர் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கராஜ் உத்தரத்தில் கப்பி கட்டித் தூக்கிவைப்பது சிறந்தது. ஒருவரே இயக்கலாம், கீறலும் இல்லை. இல்லாவிட்டால் சக்கரம் வைத்த தாங்கியில் நிமிர்த்தி நிறுத்தலாம். சீலின் மீது பாரம் விழும்படி சுவரோரம் சாய்த்துவைத்தால் அடுத்த ஆண்டு அந்த மூலையில் ஒழுகும். திருட்டும் உண்டு. விலை ஏறியபின் தெருவில் நிறுத்திய கார்களிலிருந்து கூரை மட்டும் காணாமல்போகிறது. பக்கத் தாழில் ஒரு பூட்டோ சிறப்புச் சாவியில்லாமல் கழற்ற முடியாத போல்ட்டோ போட்டுவையுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் ஹார்ட்டாப் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு நண்பரையும் உங்கள் சொந்தக் காரையும் கொண்டுபோங்கள். சீலைக் கிள்ளிப் பாருங்கள். நசுங்கி மீளாவிட்டால் புதுச் சீலின் விலையைக் கழித்துக் கேளுங்கள். நிறம் ஒத்துப்போகவில்லை என்றால் பெயின்ட் செலவையும் கழியுங்கள். பின்கண்ணாடியைச் சுற்றிய விளிம்பையும் தாழ்கள் பதிந்த இடங்களையும் விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அதன்பின் அங்கேயே, அவர் வீட்டு வாசலிலேயே, உங்கள் காரில் தூக்கிவைத்து ஆறு பிடிமானங்களும் விழுகின்றனவா, கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதற்கு அவர் ஒப்பவில்லை என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.